நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

சுஜி இறந்து இருபத்தாறாம் நாள், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதேகால் மணிக்கு அஸ்தினாபுரம் வீட்டுப் படுக்கையறையில் மறுபடி மூச்சு விட ஆரம்பித்தாள். ஆள் இல்லை, உருவம் இல்லை, மெத்தையில் பள்ளம்கூட விழவில்லை. மூச்சு மட்டும் வந்தது. கட்டிலின் இடது பக்கம், தலையணைக்கு ஒரு சாண் மேலே, நிமிடத்துக்கு முப்பத்தெட்டு தடவை. அவள் கணவன் ஜெபசீலன் அப்போது ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்து ஆராதனை பார்த்துக்கொண்டிருந்தான். ஊரடங்கு காலம், கோயில் பூட்டியிருந்தது. ஆயர்தான் ஜெபத்துக்கு நடுவே இரைக்கிறார் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தான். இரைப்பு குறையவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பார்த்தான்.

ஃபேனை நிறுத்தினான். ஏசியை நிறுத்தினான். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடுகிறதா என்று படியிறங்கிப் போய்ப் பார்த்து வந்தான். பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தான். பிறகு கட்டிலருகே நின்று, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினான். மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் முப்பத்தெட்டு. அந்த எண் அவனுக்குத் தெரிந்த எண். மே பதினெட்டாம் தேதி பிற்பகல், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நர்ஸ் வீடியோ காலில் சுஜியைக் காட்டினாள். மல்லாந்து கிடந்தவளின் தலைக்குப் பின்னால் இருந்த திரையில் அந்த எண்தான் பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில், பூட்டிய டீக்கடை நிழலில் நின்று அவன் அதைப் பார்த்தான். அன்று மாலை அவள் இறந்தாள். பிளாஸ்டிக் உடை போட்ட நான்கு பேர் அடக்கம் செய்தார்கள், அவன் இருபதடி தள்ளி நின்றான். அழவில்லை. நல்ல தைரியசாலி என்று போனில் கூப்பிட்டவர்களெல்லாம் சொன்னார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது, குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. அவனுக்கு முப்பத்திரண்டு. கல்யாணமாகி மூன்று வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஜெபசீலனுக்குச் சிறுசேரியில் வேலை. பெரிய கட்டடங்களுக்குள் வெளிக்காற்றை எப்போது, எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கும் புரோகிராமை எழுதும் குழுவில் இருந்தான். கொரோனாவுக்கு முன்பு அந்தக் குழு இருப்பதே கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜூலையில் கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்படி கூரியரில் அனுப்பினார்கள். டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. வெளிக்காற்றில் வைத்தால் நானூற்றிருபது காட்டும். மூடிய அறையில் ஒருவர் தூங்கினால் ஏறும், இருவர் தூங்கினால் இன்னும் ஏறும், யாரும் இல்லையென்றால் நானூற்றிருபதுக்கே இறங்கிவிடும். அவன் அதைப் படுக்கையறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து வேலை பார்த்தான். மாலையில் போய்ப் பார்த்தபோது தொள்ளாயிரத்து எண்பது. கருவி சரியாக வேலை செய்கிறது என்று ஆபீசுக்கு எழுதிவிட்டான். திருப்பி அனுப்பவில்லை.

மூச்சு அந்த அறையை விட்டு வெளியே வராது. அவன் ஹாலில் படுத்தால் அதன் வேகம் கூடியது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது. அதனால் உட்கார்ந்தான். அதற்குக் கீழே அது இறங்கவேயில்லை. தண்ணீரில் இருந்து தூக்கிப்போட்ட மீனின் மூச்சு அது. வீட்டில் பெண்டாட்டியின் மூச்சு இருப்பது அவனுக்கு ஆச்சரியமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. அவள் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் தாங்கமுடியவில்லை. அடுத்த வருடம் வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் வரச்சொன்னார்கள். கருவியை செல்போனோடு இணைத்துவிட்டுப் போனான். சிறுசேரி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் காலியான தன் படுக்கையறையில் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாம் வருட நினைவு ஆராதனை முடிந்து அவன் மாமியார் சரோஜினி வீட்டுக்கு வந்தாள். பல்லாவரத்தில் தனியாக இருந்தாள், முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சர். படுக்கையறை வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரு?"

"சுஜி, அத்தை."

சரோஜினி அந்த மூச்சைக் காதுகொடுத்துக் கேட்டாள். கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"கர்த்தருக்குள் இளைப்பாறுகிறாள்னு கல்லுல வெட்டி வெச்சிருக்கோம். இளைப்பாறுற சத்தமா இது?"

"இல்ல."

"அப்ப இது அவ இல்ல. வேற எதுவோ. இதை வீட்ல வெச்சுக்கிட்டு நீங்க சாப்பிட்டுத் தூங்குறீங்களா மாப்பிள்ளை?"

"சாப்பிடுறேன்" என்றான்.

கணக்கு டீச்சரின் வாதத்தில் ஓட்டை இல்லை. இரண்டு வாரத்தில் அவள் ஒரு ஜெபக்குழுவை அழைத்து வந்தாள். தலைவர் பெயர் காலேப், குரல் வளம் உள்ளவர். பத்துக்குப் பதினொன்று அறையில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாதென்று ஜன்னல்களை மூடி ஏசியைப் போட்டார்கள். கஞ்சிரா அடித்துப் பாடினார்கள். இருபதாவது நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கொட்டாவி விட்டார்கள். சிலர் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு அம்மாள் பீரோவில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். "தூக்க ஆவி! பாத்தீங்களா, நம்மையே அமுக்குது! விடாதீங்க!" என்றார் காலேப். அப்போது அலமாரிமேல் இருந்த கருவி சிவப்பு விளக்கைப் போட்டு அலற ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம் பிரதர்?"

"ரூம்ல காத்து கெட்டுப்போச்சுன்னு சொல்லுது."

"அல்லேலூயா! மிஷினே சாட்சி சொல்லுது!" என்று காலேப் இன்னும் உரக்க ஆரம்பித்தார். கருவி மூவாயிரத்து நானூறு காட்டியது. ஜெபசீலன் அதைப் பார்க்கவில்லை. தலையணைமேல் காதை வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு நாற்பத்தொன்று ஆகி, நாற்பத்தாறு ஆகியிருந்தது. ஒரு வருடமாகக் குரல் உயர்த்தாதவன் எழுந்து நின்று, "வெளிய போங்க. எல்லாரும் வெளிய போங்க. அவளுக்குக் காத்து பத்தல" என்று கத்தினான். எல்லா ஜன்னல்களையும் திறந்தான். இருபத்துமூன்று பேரும் படியிறங்கித் தெருவில் நின்று நன்றாக மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தலைவலி விட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மூச்சு மாலைக்குள் முப்பத்தாறுக்கு வந்தது. இதுவரை இல்லாத இறக்கம். சரோஜினி செருப்பை மாட்டிக்கொண்டு, "இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மூச்சு குறைந்ததை அவளிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டான்.

அந்த ஆகஸ்டில் ஷ்யாம்சுந்தர் வந்தான். முன்னாள் சக ஊழியன். வேலையை விட்டுவிட்டு, சிட்லபாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் மூச்சு வகுப்பு நடத்தினான். சித்தர்கள் மூச்சைப் பற்றிச் சொன்ன வாசியையும் சரத்தையும் எடுத்து, சாமியைக் கழித்து, நரம்பைச் சேர்த்திருந்தான். மூக்கின் இடது துளையில் சில நேரம், வலதில் சில நேரம் மூச்சு மாறிமாறி ஓடுவதைத்தான் அவர்கள் சந்திரகலை, சூரியகலை என்றார்கள், இன்று டாக்டர்களும் அந்த மாற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் படம் படமாகக் காட்டினான். வெளிமூச்சை நீட்டினால் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கும் என்றான். "இதுல அமானுஷ்யம் ஒண்ணும் கெடையாது ப்ரோ. எல்லாம் பிசியாலஜி." பிறகு அறைக்குள் போனான். அரை நிமிடத்தில் வெளியே வந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமல், படியிறங்கிப் போனான். அவன் செருப்பு ஜோடி வாசலில் இரண்டு மாதம் கிடந்தது.

மூன்றாம் நாள் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ப்ரோ, க்ளாஸ்ல நான் சொல்லாம விடுற ஒண்ணு இருக்கு. ஆளுங்க சிரிப்பாங்க. மனுசனுக்கு ஆயுசு வருசத்துல இல்லையாம், மூச்சுலதானாம். ஒரு நாளைக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு. பாதியில போனவங்களுக்கு மிச்சம் இருக்கும்ல, அது எங்க போகும்? எனக்குத் தெரியல. ஆனா உங்க வீட்ல ரெண்டரை மடங்கு ஸ்பீட்ல ஓடுது. க்ளாஸ்லேர்ந்து நான் அந்த ஸ்லைடைத் தூக்கியிருக்கக் கூடாது. சாரி." அதன் பிறகு அவன் வகுப்பில் அந்தப் படத்தைச் சேர்த்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை என்று கேள்வி.

அக்டோபரில் டெபோரா வந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியை, ஜெபசீலன் போகும் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவள். விஷயம் சபைக் கமிட்டிவரை போயிருந்தது, கமிட்டிதான் அவளை அனுப்பியது. நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு, கண்ணை மூடி, வாட்சைப் பிடித்து எண்ணினாள். "முப்பத்தாறு" என்றாள்.

"உங்களுக்கும் கேக்குதா அக்கா?"

"கேக்குது."

"அப்ப இது என் மனசு இல்லையே."

"என் மனசா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கலாம். பேர் வெக்கிறதுல என்ன அவசரம்?" இறந்தவர் வீட்டில் இருப்பதுபோல் உணர்வது நிறையப் பேருக்கு உண்டு என்றும், முன்காலத்தில் அதை ஆவி என்றார்கள், தன் பாடப்புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது என்றும், இரண்டு பெயருமே கேட்பவரைக் கொஞ்சம் தேற்றுவதற்கு வைத்ததுதான் என்றும் சொன்னாள். பிறகு, "அவ கடைசியா போன்ல வந்தப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஜெபசீலன் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி சொன்னான். "ஏதோ சொல்ல வந்தா. பேசாத, மூச்சு வாங்கும்னு சொல்லி நான்தான் கட் பண்ணேன்."

டெபோரா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

"எண்ணுறேன்."

"எண்ணாதீங்க. கூடச் சேர்ந்து மூச்சு விடுங்க. ஒரே அறையில இருக்கிற ரெண்டு பேர் மூச்சு ஒண்ணோட ஒண்ணு சேரும். அழுற பிள்ளையை நெஞ்சுல போட்டுக்கிட்டா அடங்குதில்ல, அதான். முதல்ல அவ வேகத்துக்குப் போங்க. அப்புறம் நீங்க மெதுவா இறங்குங்க. அவ பின்னால வருவா." கமிட்டிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். இது துக்கத்தின் இயல்பான நிலை, இதற்கு விசேஷ ஜெபம் தேவையில்லை, காற்றோட்டம் தேவை என்று இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த கமிட்டி, அதை மகிழ்ச்சியோடு ஏற்று ஃபைலில் வைத்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு, ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்பு, தரையில் உட்கார்ந்து அவளோடு மூச்சு விட்டான். முதல் நாள் நான்கு நிமிடம் தாங்கினான். உதடு மரத்து, விரல்கள் குருவி அலகுபோல் குவிந்து இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் அவள் அதை ஒன்பது நாள் செய்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விடாமல் செய்தான். கிறிஸ்துமஸுக்கு முப்பத்துமூன்று. போகிப் புகையில் மறுபடி முப்பத்தேழு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முடிவதற்குள் இருபத்தெட்டு. அங்கே நின்றுவிட்டது. மாதக்கணக்கில் நின்றது. இருபத்தெட்டும் இரைப்புதான். செப்டம்பரில் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் அவன் மார்பைப் பார்த்துக்கொண்டே, "மாடி ஏறி வந்தீங்களா?" என்று கேட்டார். அவன் அரை மணி நேரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டெபோரா அவனைக் கோயில் வாசலில் நிறுத்தி எண்ணிப் பார்த்தாள். இருபத்தெட்டு.

"நீங்க அவளைக் கீழ இறக்கல ஜெபா. பாதி வழியில அவ உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கா. கொஞ்ச நாள் வேற எங்கயாவது போய் இருங்க."

"நான் போனா அவளுக்கு ஏறும்."

"இருந்தா உங்களுக்கு இறங்காது."

அவன் போகவில்லை. எடை குறைந்தது, படியேறினால் நெஞ்சு அடைத்தது. தூக்கம் ஒரு மணி, ஒன்றரை மணி என்று துண்டு துண்டாக வந்தது. இப்படியே போனால் இரண்டு மூச்சும் ஒரே நாளில் நிற்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அதில் பெரிய ஆட்சேபம் எதுவும் அவனுக்குள் எழவில்லை.

டிசம்பரில் புயல் வந்தது. திங்கட்கிழமை பகல் முழுக்க மழை. பல்லாவரத்தில் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் சரோஜினி வேதாகமம், பிபி மாத்திரை, ரேஷன் கார்டு மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் பாதி தூரமும் முழங்கால் தண்ணீரில் மீதி தூரமும் வந்து, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அஸ்தினாபுரம் வீட்டுப் படியேறினாள்.

"நானா வரல. தண்ணி கொண்டுவந்து விட்டுச்சு" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை இது, துடைப்பக்குச்சி மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள்.

மின்சாரம் போயிற்று. தெருவில் இடுப்பளவு தண்ணீர். செவ்வாய்க்கிழமை மதியம் ஹால் கூரையும் ஒழுக ஆரம்பித்தது. வீட்டில் காய்ந்த இடம் படுக்கையறை மட்டும்தான். சரோஜினி கொஞ்ச நேரம் ஈரத்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் வலி ஏறியது. கடைசியில் வேதாகமத்தை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலின் வலது பக்க ஓரத்தில் படுத்தாள். இடது பக்கம் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஜெபசீலன் சுவரில் சாய்ந்து அதே வேகத்தில் இரைத்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

அவனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. சரோஜினி முழங்கையை ஊன்றி எழுந்து, மூச்சு வரும் இடத்தில் உள்ளங்கையை நீட்டினாள். சூடாக, கீழிருந்து மேலாக, கையின் நடுவில் பட்டது.

"ஏன் மல்லாந்து கெடக்கா?"

"என்ன அத்தை?"

"மூச்சு மேல பாத்து வருதுல்ல. மல்லாந்து கெடக்கா. இவ எந்தக் காலத்துல மல்லாந்து தூங்கினா? தொட்டில்ல போட்ட நாள்லேர்ந்து குப்புறத்தான். நிமித்திப் போட்டா விடிய விடிய சிணுங்குவா. மூணு வருசம் குடும்பம் நடத்தினீங்களே, தெரியாதா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியும். மூன்று வருடம் அவன் விழித்தபோதெல்லாம் பார்த்தது தலையணையில் புதைந்த அவள் பின்னந்தலையைத்தான். அந்த வீடியோ காலில் பார்த்த ஒரு நிமிடம் அதையெல்லாம் அழித்துவிட்டிருந்தது. குப்புறப் படுத்தால் நுரையீரலுக்கு நல்லது என்று அந்த வார்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்களாம். திருப்பிப் படுக்க வைக்க ஆள் போதவில்லை. இரண்டரை வருடமாக அவன் எண்ணினான், அளந்தான், கோடு வரைந்தான், கூடவே இரைத்தான். மூச்சு எந்தத் திசையில் போகிறது என்று கையை வைத்துப் பார்க்கவில்லை.

சரோஜினி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு சி பிரிவைப் பார்த்துப் பேசும் குரல் வந்தது.

"ஏய் சுஜி. திரும்பிப் படு. குப்புற."

ஒன்றும் நடக்கவில்லை.

"சொல்றேன்ல. எத்தனை வாட்டி சொல்லணும் உனக்கு? திரும்புடி."

மூச்சு ஒருமுறை தடைப்பட்டது. ஜெபசீலனும் மூச்சை நிறுத்தினான். பிறகு அது தலையணைக்கு மேலிருந்து கீழே இறங்கி, பஞ்சுக்குள் புகுந்து, மழுங்கிய சத்தமாகக் கேட்டது. தலையணை உறையின் ஓரம் லேசாக அசைந்தது. தட்டிக்கொடுக்க முதுகு இல்லாததால் சரோஜினி மெத்தையைத் தட்டினாள். இருபத்துநான்கு. இருபது. வெளியே மழை விட்டிருந்தது. மூன்றரை மணிக்குப் பதினேழு. வாய் மூடிக்கொண்டதுபோல் சத்தம் மாறி, மூக்கு வழியே, இடது பக்கமாக, பதினான்கில் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒழுங்காக வலது பக்கம் மாறியது. அதற்குப் பிறகு அது பதினான்கைத் தாண்டவில்லை.

ஜெபசீலனுக்கு மூக்கு ஒழுகியது, சட்டைக் காலர் நனைந்தது. சளி பிடித்துவிட்டது என்றான். "ஆமா, சளிதான். படுங்க" என்று சரோஜினி தன் இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு, அரிசி இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். அவன் சாப்பிடவும் எழவில்லை.

புதன்கிழமை காலை கானாத்தூர் பக்கத்திலிருந்து மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாலகுரு என்பவனின் ஃபைபர் படகு மோட்டார் சத்தத்தோடு வந்து வீட்டுக்குக் கீழே நின்றது.

"யம்மா! மேல எத்தினி பேர் கீறீங்க?"

சரோஜினி ஜன்னலில் வந்து நின்றாள். "மூணு பேர். மோட்டாரை நிறுத்துப்பா."

அவன் நிறுத்தினான். "எறங்கி வாங்க, ஸ்கூலாண்ட இட்டுகினு போய் வுட்டுர்றேன்."

"நாங்க வரல. ரெண்டு பேர் தூங்குறாங்க."

"இன்னாம்மா நீ பேஜார் பண்ற! ஊரே மெதக்குது, இன்னும் தூக்கமா?"

"ரெண்டரை வருசமா தூங்கலப்பா."

மின்சாரம் இல்லை, வண்டி இல்லை, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. திறந்திருந்த ஜன்னல் வழியே உள்ளே மூச்சு ஓடுவது கீழேவரை கேட்டது. பாலகுரு தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"ஒண்ணு ஆம்பள கொறட்ட. ஒண்ணு பொம்பள மூச்சு. சர்தான்" என்றான். பால் பாக்கெட் மூன்றும் ரொட்டி மூன்றும் ஒரு பையில் போட்டு, கழியின் நுனியில் மாட்டி ஜன்னலுக்கு நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டதும் மோட்டார் கயிற்றைப் பிடித்தவன், இழுக்காமல் விட்டுவிட்டு, தெருமுனை வரைக்கும் கழி ஊன்றியே போனான்.